தில்லி பல்கலை.யில் பொதுப் பாடங்கள்: மூன்று திட்டங்கள், தீராத கேள்வி

புது தில்லி: வரலாறு படிக்க வந்த மாணவர் கணிதமும் கணினியும் கற்றே ஆக வேண்டுமா? இயற்பியல் மாணவருக்கு அரசியல் சாசனமும் இலக்கியமும் எந்த அளவுக்குத் தேவை? தாம் தேர்ந்தெடுத்த துறைக்கு அப்பால் ஓர் இளநிலைப் பட்டதாரி அறிந்திருக்க வேண்டியவை எவை என்ற கேள்விக்கு, தில்லி பல்கலைக்கழகம் பத்தாண்டுகளுக்குள் மூன்று வெவ்வேறு விடைகளை அளித்திருக்கிறது. 2013-ல் ஒரு திட்டம், 2015-ல் மற்றொன்று, 2022-ல் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் பாடங்களின் பெயர்களும் எண்ணிக்கையும் மாறின. அவற்றை நடத்துவதற்கான ஆசிரியர், நேரம், பாடநூல் ஆகியவை குறித்த குறை மட்டும் மாறவில்லை.

இது வெறும் நிர்வாகச் சிக்கல் அன்று. 2022-ல் நடைமுறைக்கு வந்த இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, ஆனர்ஸ் மாணவர் ஒருவர் மூன்று ஆண்டுகளில் 132 கிரெடிட்டுகளைப் பெற வேண்டும். இவற்றில் 72 மட்டுமே அவரது முதன்மைத் துறையின் கட்டாயப் பாடங்களுக்கு உரியவை. துறைசார் விருப்பப் பாடங்களுக்கும் அவற்றுக்கு மாற்றாக எடுக்கக்கூடியவற்றுக்கும் 16 போக, எஞ்சிய 44 கிரெடிட்டுகள் பிற துறைப் பாடம், மொழி, சுற்றுச்சூழல் கல்வி, திறன் வளர்ப்பு, மதிப்புக்கூட்டுப் பாடங்கள் ஆகியவற்றுக்குச் செல்கின்றன. அதாவது, பட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு பொதுப் பாடங்களே. அந்தப் பங்கு நன்றாகக் கற்பிக்கப்பட்டால் மாணவரின் பார்வை விரியும். ஏனோதானோவென்று நடத்தப்பட்டால், மூன்றாண்டுப் படிப்பில் ஓராண்டு வீணாகும்.

சுதந்திர இந்தியாவின் முதல் யோசனை

பொதுக் கல்வி என்ற கருத்து இந்தியாவுக்குப் புதிதன்று. டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-ல் மத்திய அரசு அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, 1949-ல் அளித்த அறிக்கையிலேயே இதற்கெனத் தனி இடம் ஒதுக்கியது. ஜாகிர் உசேன், விஞ்ஞானி மேகநாத் சாகா, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நீண்டகாலம் பணியாற்றிய ஏ. லட்சுமணசாமி முதலியார் ஆகியோர் அக்குழுவின் உறுப்பினர்கள்.

பள்ளியை விட்டதும் மாணவர் ஒரே துறைக்குள் ஒடுங்கிவிடுவதைக் குழு குறையாகக் கண்டது. அறிவியல் மாணவர் சமூகத்தையும், கலைத்துறை மாணவர் அறிவியலையும் அறியாமல் பட்டம் பெறும் நிலையை மாற்ற, பொதுக் கல்வியைத் தாமதமின்றிப் புகுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அத்துடன், அதற்கான பாடத்திட்டங்களையும் வாசிப்புப் பாடங்களையும் பல்கலைக்கழகங்கள் உருவாக்கத் தொடங்க வேண்டும் என்றும் கூறியது. இந்த இரண்டாவது பரிந்துரையே பின்னாளில் பெரிதும் மறக்கப்பட்டது.

அக்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதுபற்றி விரிவான விவாதம் நடந்து கொண்டிருந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919-ல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சமகால நாகரிகம் பற்றிய பொதுப் பாடத்தைத் தொடங்கியது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1945-ல் பொதுக் கல்வி குறித்த தனது புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டது. 1950-களில் இந்தியக் கல்வியாளர் குழு ஒன்று அமெரிக்கா சென்று இம்முறையை ஆராய்ந்து திரும்பியது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் பொதுக் கல்வித் திட்டங்கள் தொடங்கப்பட்டன. ஆனால் அவை நாடு முழுவதும் வேரூன்றவில்லை.

இதற்கு அமைப்பு சார்ந்த காரணம் ஒன்று உண்டு. அமெரிக்க இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டுகள் கொண்டது. அங்கு மாணவர் முதலில் பல துறைகளைத் தொட்டுப் பார்த்து, பிறகே தமது துறையைத் தேர்கிறார். இந்தியப் பல்கலைக்கழகங்களோ லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்தவை. தில்லி பல்கலைக்கழகத்தில் 1940-களில் சர் மாரிஸ் குவயர் துணைவேந்தராக இருந்தபோது மூன்றாண்டுப் பட்டப்படிப்பு வந்தது. அங்கு ஆனர்ஸ் மாணவர் முதல் நாளிலிருந்தே ஒரு துறையின் மாணவர். அவரது மூன்று ஆண்டுகளுக்குள் பொதுப் பாடங்களைச் செருக வேண்டுமானால், முதன்மைப் பாடத்தின் நேரத்தைக் குறைத்தாக வேண்டும்.

நீதிமன்றம் சொன்ன பாடம்

நாடு முழுவதும் எல்லா இளநிலை மாணவருக்கும் பொதுவாக ஒரு பாடம் கட்டாயமானதற்குக் காரணம் உச்ச நீதிமன்றம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில், கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கற்பிக்கப்பட வேண்டும் என்று 1991-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது சரிவர நிறைவேறாததால் 2003-ல் மீண்டும் கண்டிப்புடன் ஆணையிட்டது. இதையடுத்துப் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., எட்டு அலகுகளும் 50 வகுப்புகளும் கொண்ட பாடத்திட்டத்தை வகுத்தது. யு.ஜி.சி.க்காக எராக் பரூச்சா எழுதிய பாடநூலும் வெளிவந்தது.

பொதுப் பாடங்களின் அடிப்படைச் சிக்கல் இங்கேயே தென்பட்டது. சுற்றுச்சூழல் பாடத்துக்கெனத் தனித்துறை இல்லாத கல்லூரிகளில் தாவரவியல், வேதியியல், புவியியல் என எந்தத் துறையில் ஆசிரியருக்கு நேரம் இருந்ததோ அவரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. தேர்ச்சி பெற்றால் போதும் என்ற நிலையில் அதை வைத்திருந்த பல்கலைக்கழகங்களில், மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய நாள் படிக்கும் பாடமாக அது மாறியது. கட்டாயம் என்று அறிவிப்பது எளிது, அதைக் கற்பிக்க ஆள் தேடுவதே கடினம் என்பதைச் சுற்றுச்சூழல் பாடம் முதலில் காட்டியது.

பதினொரு பாடங்களும் ஓராண்டு ஆயுளும்

தில்லி பல்கலைக்கழகத்தின் முதல் பெரும் முயற்சி 2013-ல் தொடங்கியது. கணிதப் பேராசிரியரான தினேஷ் சிங் அப்போது துணைவேந்தர். 2012 டிசம்பரில் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவும் செயற்குழுவும் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு ஒப்புதல் அளித்தன. ஏழு மாதங்களில், 2013 ஜூலையில், மாணவர்கள் வகுப்பில் அமர்ந்தனர்.

அத்திட்டத்தின் மையம் 11 அடித்தளப் பாடங்கள். மொழி, இலக்கியம், படைப்பாற்றல் என்ற பெயரில் இரு பாடங்கள், தகவல் தொழில்நுட்பம், வணிகம், தொழில்முனைவு, மேலாண்மை, ஆளுகையும் குடியுரிமையும், தத்துவம், உளவியல், வாழ்க்கைத் திறன்கள், இந்திய வரலாறும் பண்பாடும், புவியியல், சமூகப் பொருளாதாரப் பன்மை, அறிவியலும் வாழ்க்கையும், கணிதத் திறன், சுற்றுச்சூழலும் பொதுச் சுகாதாரமும். இவற்றை எந்தத் துறையில் சேர்ந்தவரும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் படித்தாக வேண்டும். முதன்மைத் துறையில் 20 பாடங்கள், இரண்டாம் துறையில் 6, செயல்முறைப் பாடங்கள் 4 என்பது ஏனைய பகிர்வு. இரண்டு ஆண்டில் வெளியேறினால் டிப்ளமோ, மூன்றில் பட்டம், நான்கில் ஆனர்ஸ் பட்டம் என்றும் அறிவிக்கப்பட்டது.

துறைச் சுவர்களை உடைப்பதும், மனப்பாடத்தைக் குறைத்துக் குழுத் திட்டப்பணிகளின் வழியே கற்பிப்பதும் நோக்கம் என்று பல்கலைக்கழகம் விளக்கியது. நோக்கத்தை மறுத்தவர்கள் குறைவு. எதிர்ப்பு வேறு காரணங்களால் எழுந்தது.

பிளஸ் 2 வரை கணிதம் படித்துப் பொறியியலுக்கு நிகரான பாடங்களில் சேர்ந்தவரும், பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டு இலக்கியத்துக்கு வந்தவரும் ஒரே கணிதத் திறன் வகுப்பில் அமர வேண்டியிருந்தது. முன்னவருக்கு அது பள்ளிப் பாடத்தின் மறுபதிப்பு. பின்னவரில் பலருக்கு விட்டு வந்த பயத்தின் மறுவருகை. வரலாறு, ஆளுகை போன்ற பாடங்களில் இந்நிலை தலைகீழானது. எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற சமத்துவம், வகுப்பறையில் எவருக்கும் பொருந்தாத பாடமாக முடிந்தது என்பது ஆசிரியர்களின் வாதம்.

பாடத்திட்டங்கள் மிகக் குறுகிய காலத்தில் தயாரிக்கப்பட்டன என்றும், கல்விக் குழுவில் போதிய விவாதம் நடைபெறவில்லை என்றும் தில்லி பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் குற்றஞ்சாட்டியது. மாணவர் அமைப்புகளும் வெவ்வேறு அரசியல் சார்பு கொண்டவையாயினும் போராட்டத்தில் இறங்கின. நவீன இந்திய மொழிப் பாடம் கட்டாயமானபோது, தங்கள் மொழிக்குப் பாடமோ ஆசிரியரோ இல்லாத வடகிழக்கு மாநில மாணவர்களிடமிருந்து தனியே எதிர்ப்பு கிளம்பியது.

2014 மே மாதம் மத்தியில் ஆட்சி மாறியது. ஜூன் 20-ம் தேதி, மூன்றாண்டுப் படிப்புக்கே மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று யு.ஜி.சி. பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிகளுக்கும் உத்தரவிட்டது. பத்து ஆண்டுப் பள்ளி, இரண்டு ஆண்டு மேல்நிலை, மூன்று ஆண்டுப் பட்டம் என்ற தேசியக் கல்விக் கொள்கைக்கு நான்காண்டுத் திட்டம் முரணானது என்பது அதன் வாதம். மாணவர் சேர்க்கை தடுமாறியது. ஒரு வார இழுபறிக்குப் பின், ஜூன் 27-ம் தேதி, திட்டம் திரும்பப் பெறப்படுவதாகத் துணைவேந்தர் அறிவித்தார்.

இதில் இடையில் சிக்கியவர்கள் 2013-ல் சேர்ந்த மாணவர்கள். ஓராண்டு முழுவதும் அடித்தளப் பாடங்களுக்குப் பெரும் நேரம் கொடுத்துவிட்ட அவர்களுக்கு, நான்காண்டுக்கு வகுத்த துறைப் பாடங்களை எஞ்சிய இரண்டு ஆண்டுகளுக்குள் சுருக்கித் தர வேண்டியதாயிற்று. பி.டெக். என்ற பெயரில் தொடங்கப்பட்ட சில படிப்புகளில் சேர்ந்தவர்கள் மட்டும் நான்காண்டுகளைத் தொடர அனுமதிக்கப்பட்டனர். அந்த 11 பாடங்களின் முழு வரிசையையும் படித்து முடித்த ஆனர்ஸ் மாணவர் அணி என்று ஒன்று இல்லாமலே போயிற்று. திட்டம் நன்மை செய்ததா, தீமை செய்ததா என்று அளந்து பார்க்கும் வாய்ப்பும் அதனுடன் போயிற்று.

விருப்பம் உண்டு; வாய்ப்பு?

அடுத்த ஆண்டே, 2015-ல், விருப்பத் தேர்வு அடிப்படையிலான கிரெடிட் முறையை யு.ஜி.சி. நாடு முழுவதற்கும் முன்வைத்தது. தில்லி பல்கலைக்கழகம் 2015-16 கல்வியாண்டில் அதை ஏற்றது. பதினொரு கட்டாயப் பாடங்களின் இடத்தில் இப்போது தேர்வுச் சுதந்திரம். ஆனர்ஸ் மாணவருக்கு மொத்தம் 26 பாடங்கள். முதன்மைத் துறையில் 14, துறைசார் விருப்பப் பாடங்கள் 4, பிற துறையிலிருந்து எடுக்கும் பொது விருப்பப் பாடங்கள் 4. இவற்றுடன் சுற்றுச்சூழலும் மொழித்தொடர்பும் கட்டாயம். திறன் பாடங்கள் இரண்டு.

முந்தைய திட்டத்தின் பெருங்குறையை இது ஓரளவு களைந்தது. கணிதத்தை விரும்பாதவர் பொருளாதாரத்தையோ அரசியல் அறிவியலையோ எடுக்கலாம். வேதியியல் மாணவர் ஆங்கில இலக்கிய வகுப்பில் அமரலாம். பிற துறை மாணவருக்கென்றே துறைகள் தனிப்பாடங்களை வகுத்தன.

எனினும், பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள எல்லாப் பாடங்களையும் எந்தக் கல்லூரியும் நடத்துவதில்லை. எந்தத் துறையில் ஆசிரியர் உண்டு, எந்த அறை காலியாக இருக்கிறது, எந்த மணி நேரம் கால அட்டவணையில் பொருந்துகிறது என்பதைப் பொறுத்தே வாய்ப்புகள் அமைகின்றன. வடக்கு வளாகத்தின் பெரிய கல்லூரியில் பல துறைகள் உண்டு. நகரின் விளிம்பிலோ மாலை நேரத்திலோ இயங்கும் கல்லூரியில் துறைகள் குறைவு. ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே பட்டத்துக்கு விருப்பப் பாடப் பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி நீண்டும் சுருங்கியும் இருந்தது.

மீண்டும் நான்காண்டு

2020 ஜூலை 29-ம் தேதி மத்திய அமைச்சரவை புதிய தேசியக் கல்விக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. பலதுறைக் கல்வியும், பல நிலைகளில் வெளியேறும் வாய்ப்புடன் கூடிய நான்காண்டுப் பட்டமும் அதன் முக்கிய அம்சங்கள். 2014-ல் கொள்கைக்கு முரண் என்று கைவிடப்பட்ட நான்காண்டு முறை, இப்போது கொள்கையாகவே திரும்பி வந்தது.

துணைவேந்தர் யோகேஷ் சிங் காலத்தில், 2022 பிப்ரவரியில் தில்லி பல்கலைக்கழகம் புதிய பாடத்திட்டக் கட்டமைப்பை ஏற்றது. அவ்வாண்டு நவம்பரில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கின. ஒவ்வொரு பருவத்துக்கும் 22 கிரெடிட்டுகள். முதல் இரு பருவங்களில் முதன்மைப் பாடங்கள் மூன்று, பிற துறைப் பாடம் ஒன்று. இவை தலா 4 கிரெடிட். மொழி அல்லது சுற்றுச்சூழல், திறன் பாடம், மதிப்புக்கூட்டுப் பாடம் ஆகியவை தலா 2 கிரெடிட். ஆக, ஒரே பருவத்தில் ஏழு பாடங்கள். ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டில் டிப்ளமோ, மூன்றாண்டில் 132 கிரெடிட்டுகளுடன் பட்டம், நான்காண்டு முடித்தால் 176 கிரெடிட்டுகள்.

விவாதத்தின் மையத்தில் இருப்பவை மதிப்புக்கூட்டுப் பாடங்கள். இவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவை தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டன. வேத கணிதம், ஆயுர்வேதமும் ஊட்டச்சத்தும், யோகா, தூய்மை பாரதம், நிதி அறிவு, டிஜிட்டல் மேம்பாடு, அரசியல் சாசன விழுமியங்களும் அடிப்படைக் கடமைகளும், காந்தியும் கல்வியும், மகிழ்ச்சியாக இருக்கும் கலை, அறிவியலும் சமூகமும் எனப் பட்டியல் நீள்கிறது. முதல் நான்கு பருவங்களில் பருவத்துக்கு ஒன்று என நான்கு பாடங்களை மாணவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பண்பாட்டுப் பற்றையும் நடைமுறை அறிவையும் இவை வளர்க்கும் என்பது ஆதரவாளர்களின் நிலை. வங்கிக் கணக்கு, காப்பீடு, வரி பற்றி எதுவும் அறியாமல் பட்டம் பெறும் இளைஞருக்கு நிதி அறிவுப் பாடம் பயன்படாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. உடல்நலமும் மனநலமும் கல்லூரிக் கல்வியின் பகுதியாக இருப்பதில் தவறில்லை என்றும் அவர்கள் கூறுகின்றனர்.

விமர்சகர்களோ இரண்டு கேள்விகளை எழுப்புகின்றனர். முதலாவது, பாடத்தின் கனம். வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரையும் இரண்டு மணி நேரச் செயல்முறையும் கொண்ட 2 கிரெடிட் பாடத்தில், அரசியல் சாசனத்தைப் போன்ற பெரும்பொருளை மேலோட்டமாகவே தொட முடியும். இரண்டாவது, பாடத்தை நடத்துபவர். மதிப்புக்கூட்டுப் பாடங்களில் பல எந்த ஒரு துறைக்கும் சொந்தமல்ல. முதன்மைப் பாடங்களில் வேலைப்பளு குறைந்த ஆசிரியருக்கு அந்த மணி நேரங்களைக் கொண்டு ஈடுகட்டும் வழியாக அவை மாறும்போது, பாடத்தில் தேர்ச்சி உள்ளவரா என்பது இரண்டாம் கேள்வியாகிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏழு பாடங்கள் என்றால் ஏழு அகமதிப்பீடுகள், ஏழு ஒப்படைப்புகள், ஏழு வருகைப் பதிவுகள். நொய்டா, காஜியாபாத், ஃபரீதாபாத் எனத் தலைநகர வட்டாரத்தின் மூலைகளிலிருந்து மெட்ரோவில் வந்து செல்லும் மாணவருக்கு நூலகத்தில் அமர நேரம் குறைகிறது. பாடங்களுக்கிடையே அறிவை விரித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட பாடங்கள், தாமே தேடி வாசிக்கும் நேரத்தை விழுங்குகின்றன என்பதே முரண்.

மொழிக்கு எவ்வளவு இடம்?

புதிய கட்டமைப்பில் மொழிப் பாடம் அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளைச் சார்ந்து அமைந்தது. ஆங்கிலம் அந்த அட்டவணையில் இல்லை. எனவே கட்டாயத் தொடர்புத்திறன் பாடமாக நெடுநாள் இருந்த ஆங்கிலம் அந்தப் பிரிவிலிருந்து வெளியேறியது. வேலைப்பளு குறைந்து பணியிடங்கள் பறிபோகும் என்று 2022-ல் ஆங்கிலத் துறை ஆசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஊர்ப்புறத்திலிருந்து இந்தி வழியில் படித்து வந்து, மேற்படிப்புக்கும் வேலைக்கும் ஆங்கிலம் தேவைப்படும் மாணவரின் நிலை என்ன என்ற கேள்வியும் எழுந்தது.

கோட்பாட்டளவில் இது தமிழுக்கும் பிற மொழிகளுக்கும் திறந்த கதவு. தலைநகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் தமிழ் படித்த பிள்ளைகள், கல்லூரியிலும் அதைத் தொடரக்கூடும். ஆனால் தமிழாசிரியர் பணியிடம் உள்ள தில்லிக் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்றக் கல்லூரிகளில் சேர்ந்த தமிழ் மாணவருக்குப் பட்டியலில் உள்ள மொழி, வகுப்பறையில் இல்லை. மலையாளம், கன்னடம், மணிப்புரி, போடோ பேசும் மாணவர்களுக்கும் இதே நிலைதான்.

வகுப்பறையே இல்லாதவர்கள்

கல்லூரிகளில் ஆண்டுதோறும் சுமார் 70 ஆயிரம் இடங்களுக்கு மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது. அவற்றில் இடம் கிடைக்காதவர்களும், பகலில் வேலைக்குச் செல்பவர்களும் நாடுவது பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைக் கல்விப் பள்ளி. 1962-ல் தொடங்கிய இந்நிறுவனத்தில் லட்சக்கணக்கானோர் படிக்கின்றனர். கல்லூரிக்கு நாள்தோறும் செல்ல இயலாத பெண்களுக்கென வார இறுதி வகுப்புகள் நடத்தும் தனி வாரியமும் உண்டு. 2022-ல் புதிய கட்டமைப்பு இவ்விரண்டுக்கும் பொருந்தும்படி விரிவாக்கப்பட்டது.

செய்து பார்த்துக் கற்க வேண்டிய பாடம், அஞ்சல்வழியில் வரும் அச்சுப் பிரதியாகவும் விடுமுறை நாளின் சில தொடர்பு வகுப்புகளாகவும் சுருங்குவது இங்குதான். குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பட்டம் பெறுபவர்கள் மிகுதியாக உள்ள இடமும் இதுவே. பொதுக் கல்வியால் அதிகப் பயன் பெறக்கூடியவர்களுக்கு, அதன் மிக மெலிந்த வடிவமே கிடைக்கிறது.

தமிழகத்தின் வழி

தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பொதுப் பாடங்கள் வேறு வகையில் வளர்ந்தன. பகுதி ஒன்றில் தமிழ் அல்லது பிற மொழி, பகுதி இரண்டில் ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடம் என்ற பிரிவு பல தலைமுறைகளுக்குப் பழக்கமானது. பின்னர் நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, பிற துறை விருப்பப் பாடம் ஆகியவையும், பள்ளியில் தமிழ் படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழும் சேர்ந்தன. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை போன்றவை ஐந்தாம் பகுதி.

தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. ஆயினும் ஒரு மாணவர் எதையெல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி அங்கும் எழாமல் இல்லை. 2022-ல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் மாணவர்களின் முதல் இரு பருவங்களில் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்ற இரு பாடங்களைச் சேர்த்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பாடங்கள் கல்லூரிப் பாடத்திட்டங்களில் இடம்பெற்றன.

தில்லியில் வேத கணிதமும், சென்னையில் தமிழர் மரபும் இடம்பெறுவதன் பின்னணியில் உள்ள அரசியல் வேறு வேறு. பாடங்களின் உள்ளடக்கமும் வேறு. ஆனால் பட்டதாரியைப் பற்றிய தனது விருப்பத்தை அரசோ பல்கலைக்கழகமோ பதிவு செய்யும் இடம் பொதுப் பாடம் என்பதை இரண்டும் உணர்த்துகின்றன. ஆட்சி மாறினால் பாடம் மாறும் என்ற அச்சமும் இதனால்தான்.

நிலைத்து நின்ற முன்மாதிரி

பொதுப் பாடம் நிலைக்கவே நிலைக்காது என்பதற்கில்லை. தலைநகரிலேயே தில்லி ஐ.ஐ.டி.யில் பொறியியல் மாணவர்கள் மானுடவியல், சமூக அறிவியல் பாடங்களைக் கட்டாயமாகப் படிக்கின்றனர். ஐ.ஐ.டி.க்களின் தொடக்க காலம் முதல் உள்ள மரபு இது. அங்கு அப்பாடங்களுக்கெனத் தனித்துறை உண்டு. பொருளாதாரம், தத்துவம், இலக்கியம், உளவியல், சமூகவியல் ஆகியவற்றில் ஆய்வு செய்த நிரந்தர ஆசிரியர்கள் தத்தம் துறைப் பாடங்களை நடத்துகின்றனர். மாணவர் எதைத் தேர்ந்தாலும் முழு அளவிலான ஒரு பாடத்தைப் படிக்கிறார். நால்வகைப் பொருள்களில் இரண்டிரண்டு கிரெடிட்டாக நுனிப்புல் மேய்வதில்லை.

மாணவர் எண்ணிக்கையிலும் நிதி வசதியிலும் ஐ.ஐ.டி.யைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுடன் ஒப்பிட இயலாது. இருப்பினும் ராதாகிருஷ்ணன் குழு சொன்ன வரிசையை அந்த ஏற்பாடு நினைவூட்டுகிறது. பாடமும் வாசிப்பு நூலும் ஆசிரியரும் முதலில். கட்டாயம் அதன் பிறகு. தில்லி பல்கலைக்கழகத்தின் மூன்று திட்டங்களிலும் கட்டாயம் முதலில் வந்தது. மற்றவை பின்னர் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட நாடு தழுவிய கட்டமைப்பு, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டும் நான்காண்டுக்கு 160 கிரெடிட்டும் போதும் என்கிறது. தில்லியில் அவை முறையே 132, 176. எனவே பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, எஞ்சுபவற்றை ஆழப்படுத்த இடமிருக்கிறது. ஒரு பருவத்தில் 2 கிரெடிட் பாடங்கள் மூன்றுக்குப் பதிலாக 4 கிரெடிட் பாடம் ஒன்றை, அத்துறையில் பயின்ற ஆசிரியரைக் கொண்டு நடத்தலாம். மொழிப் பாடத்துக்குச் சில கல்லூரிகள் சேர்ந்து ஒரே ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளலாம். இவற்றுக்குப் புதிய கொள்கை எதுவும் தேவையில்லை. நிரந்தரப் பணியிடங்களும் சற்றுப் பொறுமையும் வேண்டும்.

2022-ல் சேர்ந்த முதல் அணியினர் 2025-ல் மூன்றாம் ஆண்டை நிறைவு செய்தனர். தொடர விரும்பியவர்களுக்கு நான்காம் ஆண்டு வகுப்புகள் 2025 ஆகஸ்டில் தொடங்கின. 2013-ன் திட்டத்துக்கு வாய்க்காத ஒன்று இதற்கு வாய்த்திருக்கிறது. தொடக்கம் முதல் இறுதி வரை பொதுப் பாடங்களை முழுமையாகப் படித்து முடித்த மாணவர்கள் இப்போது இருக்கிறார்கள். மதிப்புக்கூட்டுப் பாடங்களில் எவற்றை நினைவில் வைத்திருக்கிறார்கள், எவை மதிப்பெண்ணோடு முடிந்துபோயின, முதன்மைத் துறையில் எதை இழந்ததாகக் கருதுகிறார்கள் என்று அவர்களிடம் கேட்டு, அதை வெளிப்படையாகப் பதிவு செய்யும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு உண்டு. நான்காவது திட்டம் ஒன்று வருவதற்கு முன் அது நடந்தால், அடுத்து வரும் மாணவர்களாவது சோதனைக்கு ஆளாகாமல் தப்பலாம்.